மேரிக்காகப் போட்ட நூற்றெட்டு

படி ஏறுவதில் ஒன்றும் இல்லை. இறங்கும்போதுதான் எல்லாம் தெரிந்துவிடும்.

செங்கற்பட்டில் போலீஸ் குடியிருப்பின் மாடிப்படியில் பவளம் அன்று காலை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு காலாகக் கீழே வைத்து இறங்கினாள். பிள்ளை பெற்று, விடுப்பு முடிந்து, மறுபடி போலீஸ் கவாத்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை தொடை இரண்டும் நனைந்த சாக்கு மாதிரி கனத்தன. கீழே குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். பவளத்துக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் சிரிப்புத்தான் வந்தது. கூடவே எங்கிருந்தோ வெந்த நெல்லின் வாசனையும் வந்தது.

இந்த வலி அவளுக்குப் பழைய பழக்கம். முதன்முதலில் அது வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. எண்பத்தொன்றாம் வருஷம், பொங்கல் கழிந்த மாதம்.

அப்போது அவள் உத்திரமேரூரில் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் நடந்த டைப்ரைட்டிங் வகுப்புக்குச் சாயங்காலம் சாயங்காலம் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து மிஷினில் மேரி. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள். பவளத்தின் அப்பா தாண்டவராயனுக்கு ஏரிப் பாசனத்தில் சொந்தக் கழனி உண்டு. மேரியின் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில். பகலில் நெல் மில்லில் கூலி, சாயங்காலம் டைப் வகுப்பு. தெருவில் எதிரே வந்தால் மேரி தலையைக் குனிந்துகொண்டு, "வரேங்க" என்று ஒதுங்கிப் போவாள். மாடிப்படி ஏறி உள்ளே வந்த பிறகுதான் அவள் வாயில் 'டி' வரும். அப்படி யாரும் சொல்லி வைக்கவில்லை. அதுவாக அமைந்துவிட்டது.

பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தைக் கண்டுபிடித்தவள் மேரி. மனு எழுதியவள் பவளம். இரண்டு பேருக்கும் அழைப்பு ஒரே நாளில் வந்தது. சனிக்கிழமை காலை காஞ்சிபுரத்தில் மைதானத்துக்கு வரவேண்டும். உயரம் பார்ப்பார்கள், பிறகு ஓட்டம்.

தாண்டவராயன் அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவி ஆண்டாளம்மாளைப் பார்த்துச் சொன்னார்: "பொட்டப் புள்ள காக்கி மாட்டிக்கினு நிக்கப் போவுதா? செரி. ஒரே ஒரு தபா. ஜெயிச்சா போவட்டும். தோத்துட்டா இதப் பத்தி இந்த வூட்ல பேச்சே கூடாது. ஆனா ஒண்ணு. அதுக்கு முன்னால கைய கால ஒடச்சிக்கினு வந்து நின்னா, பஸ் ஏத்த மாட்டேன். நொண்டற பொண்ண ஊரு முன்னால ஓட வுட்டு வேடிக்கை பாக்க என்னால ஆவாது."

பவளத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு தடவை. அதை எப்படிப் பிசகில்லாமல் செய்வது என்றுதான் அவள் புத்தி ஓடியது. அவள் சுபாவம் அப்படி. வீட்டைப் பூட்டினால் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். ஒரு பக்கம் டைப் அடித்து முடித்தால் முதல் வரியிலிருந்து எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பாள்.

நன்றாக யோசித்துத்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

ஏரிக்கரை அரசமரத்தடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டு தோப்புக்கரணம் என்று வேண்டிக்கொண்டாள். கேட்டது கிடைத்த பிறகு செலுத்துவதுதான் எல்லாரும் செய்வது. பவளத்துக்கு அது சரியாகப் படவில்லை. பிறகு தருகிறேன் என்று சொல்கிறவளை விட, முன்னாலேயே கொடுத்துவிடுகிறவளுக்குத்தானே யாரும் முதலில் செய்வார்கள்? செலுத்தி முடித்துவிட்டால் பிள்ளையாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அரசமரத்தடிக்குப் போனாள்.

தோப்புக்கரணத்தில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு கையும் காதைப் பிடித்துக்கொண்டிருக்கும். விரல் விட்டு எண்ண முடியாது. வாயால்தான் எண்ணவேண்டும். அறுபதுக்கு மேல் போயிருப்பாள். கரையோடு எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தவன், "இன்னா தங்கச்சி, பரீட்சையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்டி முடித்ததும் அறுபத்தாறா எழுபத்தாறா என்று சந்தேகம் வந்துவிட்டது. அறுபத்தாறு என்று வைத்துக்கொண்டு மேலே போனால் அதிகமாகப் போய்விடும், பரவாயில்லை. ஆனால் அறுபத்தைந்தாக இருந்தால்? சந்தேகமான கணக்கைச் சாமிக்குக் கொடுப்பதா? அவள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

நூற்றெட்டு முடிந்தபோது மூச்சு வாங்கியது. திரும்பிப் போக இருந்தவளுக்கு மேரி ஞாபகம் வந்தாள். தனக்கு மட்டும் வேண்டிக்கொண்டு வந்தது தெரிந்தால் மேரி ஒன்றும் சொல்லமாட்டாள். அவளுக்கு இதெல்லாம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் முட்டி போடுவதோடு சரி. இருந்தாலும் பவளத்துக்கு மனம் கேட்கவில்லை. பிள்ளையாரைப் பார்த்து, "இது மேரிக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மறுபடி காதைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு முழுக்க ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கால் ஆடியது, அவ்வளவுதான். நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை பாயிலிருந்து எழுந்திருக்கப் போனவள், புரண்டு கவிழ்ந்து கையை ஊன்றித்தான் எழ முடிந்தது. முழங்காலுக்கு மேலே யாரோ முறுக்கிப் பிழிந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. கழனிப் பக்கம் போனால் உட்கார முடியவில்லை. ஒரு பனைமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் பட்ட பாட்டை வெளியில் சொல்ல முடியாது.

சாயங்காலம் வகுப்பு முடிந்து மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினாள். கீழே நின்ற மேரி அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாடி இது? ஏரிப் படியில மாடு எறங்கற மாதிரி எறங்கிக்கினு கீற?"

பவளம் சொன்னாள். எருமையையும் சந்தேகத்தையும் சேர்த்தே சொன்னாள். மேரி சைக்கிள் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எனக்கு வேறயா? அடிப்பாவி, எனக்குப் போடறதா இருந்தா என் கால்ல போடறதுதானே! சனிக்கெழம ஓட்டத்துக்கு ஞாயித்துக்கெழம கால ஒடச்சிக்கினவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான். புள்ளையாரே பாத்து, 'போதும் நிறுத்துடி'ன்னு சொல்லியிருப்பாரு. உனக்குக் காது ரெண்டும் அடைச்சிக்கினு இருந்திருக்கும்."

"சிரிக்காதடி. எங்க நைனா பாத்தாரு, அவ்ளோதான்."

செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம். குறையும் என்று நினைத்தது ஏறியது. தாண்டவராயன் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பவளம் நின்றுகொண்டே இருந்தாள். நின்றபடியே சோறு தின்றாள்.

"ஒட்காந்து துண்ணேன். இன்னா அவசரம்?" என்றார் அவர்.

"கிளாசுக்கு நேரமாச்சி நைனா."

ஆண்டாளம்மாளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அவள் கேள்வி கேட்கவில்லை. புளிய இலையைப் போட்டுத் தண்ணீர் காய்ச்சி, பொறுக்கிற சூட்டில் தொடையில் ஊற்றினாள். இருட்டினதும் வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டாள். வாசனை வீடு முழுக்கப் பரவி, வாசலில் கட்டிலில் படுத்திருந்த தாண்டவராயனை எழுப்பிவிட்டது.

"வேப்பண்ண வாசன அடிக்குது? யாருக்கு?"

"செவலைக்குதான்," என்றாள் ஆண்டாளம்மாள், கொஞ்சமும் யோசிக்காமல். "கழுத்துல நொகத்தடி பட்டு கன்னிப் போயி கீது. தடவி வுட்டேன்."

தாண்டவராயன் எழுந்து லாந்தரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். செவலைக் காளையின் கழுத்து மணி இரண்டு மூன்று தடவை குலுங்கியது. அவர் திரும்பி வந்து, லாந்தரை மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மேரி வகுப்புக்கு வந்தபோது முகம் சரியில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்தாளே தவிர ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை.

"மேஸ்திரி லீவு தர மாட்டேன்றாருடி. எங்ககூட களத்துல நிக்கற ராணியம்மா, பொண்ணுக்குப் பிரசவம்னு மாகறல் போய்ட்டா. ஆள் கொறவு. வானமும் மூடிக்கினு கீது. 'களத்துல போட்ட நெல்லு வெள்ளிக்கெழமக்குள்ள காஞ்சி உள்ள போனா சனிக்கெழம போ. இல்லாட்டி வேலைக்கே வராத'ன்னுட்டாரு. வேல போச்சின்னா வூட்ல கஞ்சி கெடயாது. நீ போய்ட்டு வாடி. நான் அடுத்த தபா பாத்துக்கறேன்."

"அதெப்பிடி? உனக்குன்னு போட்டது வீணாவா போவணும்?"

மேரி நிமிர்ந்து பார்த்தாள். பவளம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே அதுதான் தோன்றியது. செலுத்திய பிறகு வாங்கிக்கொள்ளாமல் விடுவதாவது.

"ராணியம்மாவுக்குப் பதிலு நான் வரேன்," என்றாள்.

"பைத்தியமா உனக்கு? உங்க ஆளுங்க யாரும் களத்துல எறங்க மாட்டாங்க. அதுவும் இந்தக் கால வச்சிக்கினு."

"ரெண்டு நாள்தானே."

மறுநாள் காலை, பரீட்சை நெருங்குகிறது, பகலிலும் டைப் அடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போனாள். மேஸ்திரி சடையப்பன் அவளைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார்.

"நீ தாண்டவராயன் பொண்ணு இல்ல? ஒங்க நைனா என் தலைய எடுத்துடுவாரும்மா."

"அவருக்குத் தெரியாது. நெல்லு காயணுமா வேணாமா?"

சடையப்பன் வானத்தைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் அனுமதி.

கொப்பரையில் ஆவி ஏற்றிய நெல்லைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து சிமெண்டுக் களத்தில் கொட்டுவார்கள். புகையாக ஆவி எழும்பும். பலகையால் இழுத்துப் பரப்பிய பிறகு பெண்கள் வரிசையாக நின்று, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். பாதம் போன வழியில் நெல் பிளந்து இரண்டு பக்கமும் வரப்பாக ஒதுங்கும். களத்தின் கடைசிவரை போய், திரும்பி, அடுத்த சாலில் வரவேண்டும். அடியில் இருப்பது மேலே வந்து காயும். அவர்கள் அதை உழுவது என்றுதான் சொல்வார்கள்.

பவளம் ஆர்வமாகப் போய், அப்போதுதான் கொட்டிய குவியலில் காலை வைத்துவிட்டாள். கணுக்கால் வரை சுட்டது. தொடை பிடித்துக்கொண்டதால் உடனே காலை எடுக்கவும் வரவில்லை. அப்படியே நின்றாள்.

"சுடுதுடி! கால எடு! எடு எடு!" என்று மேரி கத்தினாள். களத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 'டி' என்று சொல்லிவிட்டதை உணர்ந்து மேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பவளம் எப்படியோ காலைப் பிடுங்கிக்கொண்டு குதித்தாள். அத்தனை நாளில் அவள் அவ்வளவு வேகமாக அசைந்தது அப்போதுதான்.

அப்புறம் ஆறின பக்கமாகப் போய் உழ ஆரம்பித்தாள். முதல் சாலில் ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்தாள். பாதத்துக்கு அடியில் வெதுவெதுப்பு. அது கணுக்காலில் ஏறி, ஆடுதசையில் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. காலைத் தூக்க வேண்டியதில்லை, மடக்க வேண்டியதில்லை, தள்ளினால் போதும். கோணலில்லாமல் சால் பிடிப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதிலேயே கண்ணாக இருந்துவிட்டாள். மத்தியானம் களத்து ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான், எதையும் பிடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்துவிட்டோம் என்று தெரிந்தது.

மேரி தன் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு சற்று தள்ளிப் போய் உட்கார்ந்தாள். பவளம் எழுந்து போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தூக்குக்குள் கையை விட்டாள். கருவாட்டுக் குழம்பு.

"யாராவது பாத்தா?" என்றாள் மேரி.

"பாத்தா அவங்களுக்கும் ஒரு வாய் குடு."

நெல் சூட்டினாலா, நடந்ததாலா, அம்மாவின் புளிய இலையாலா, இல்லை வலிக்கும் ஒரு கெடு உண்டு, அது முடிந்ததாலா? இத்தனை வருஷத்தில் பல தடவை யோசித்துப் பார்த்தும் பவளத்தால் தீர்மானிக்க முடியவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் முன்பக்கமாகவே இறங்கினாள், பக்கச்சுவரைப் பிடித்தபடி. அது மட்டும் நிச்சயம்.

வெள்ளிக்கிழமை வெயில் வந்துவிட்டது. நாலு மணிக்கெல்லாம் நெல்லைக் குவித்துவிடலாம் என்று சடையப்பன் சொன்னார். கடைசிச் சால் உழுதுகொண்டிருந்தபோது மில் வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. மணிச் சத்தம் கேட்டதுமே பவளத்துக்குத் தெரிந்துவிட்டது. செவலைக் காளை. வண்டி நிறைய நெல் மூட்டை. முன்னால் மூக்கணைமேல் தாண்டவராயன்.

ஓடி ஒளிய இடமில்லை. களம் வெட்டவெளி. முழங்கால் வரை தூசும் தூக்கிச் செருகிய பாவாடையுமாக அவள் நின்றாள். பக்கத்தில் மேரி. சடையப்பன் கொப்பரைப் பக்கம் அவசர வேலை இருப்பதுபோல் போய்விட்டார்.

தாண்டவராயன் வண்டியை விட்டு இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, களத்து விளிம்பில் வந்து நின்றார். மகளை மேலும் கீழும் பார்த்தார். களத்தில் அத்தனை பேரும் உழுவதை நிறுத்திவிட்டார்கள்.

"செவல கழுத்துல ஒண்ணும் இல்ல," என்றார்.

பவளம் செருகிய பாவாடையை இறக்கிவிட்டாள்.

"எத்தினி நாளா ரெண்டு பேரும் சேந்துக்கினு மாட்டுக்கு வைத்தியம் பாக்கறீங்க? ம்? நின்னுக்கினே துண்றா, சொவத்தப் புடிச்சிக்கினே நடக்கறா. நான் இன்னா குருடனா? சொன்னேனா இல்லியா, கால ஒடச்சிக்கினா பஸ் ஏத்த மாட்டேன்னு?"

"ஒடயல நைனா. புடிச்சிக்கினு இருந்திச்சி. இப்ப வுட்டுடிச்சி."

"வுட்டுடிச்சா? எங்க, ஒட்காரு."

"நைனா?"

"குந்துடி. குந்திட்டு எழுந்திரு. கையி ஊனாம. பாக்கலாம்."

அதுவும் ஒரு தோப்புக்கரணம்தான். காதைப் பிடிக்காத குறை. பவளம் நெல்லுக்கு நடுவே மெதுவாகக் குந்தினாள். தொடைக்குள் பழைய வலி தூங்கி எழுந்த மாதிரி ஒரு புரட்டுப் புரண்டது. முகத்தில் காட்டவில்லை. எதிரே நின்ற அப்பாவின் செருப்பையே பார்த்தாள். பிறகு எழுந்தாள். கையை ஊன்றவில்லை.

"இன்னொரு தபா."

இன்னொரு தடவையும் குந்தி எழுந்தாள். இந்தத் தடவை கொஞ்சம் சுலபமாக இருந்தது. மூன்றாவதாக அவர் சொல்லாமலே குந்தப் போனவளை, "போதும் போதும்" என்று தடுத்தார்.

குனிந்து நாலு நெல்மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். "காஞ்சிடிச்சி," என்று சடையப்பன் இருந்த திசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "குவிச்சிட்டு இந்தப் பொண்ணுங்கள வூட்டுக்கு அனுப்பு. நாளைக்கி மொத பஸ்ஸு." பிறகு, போகிற போக்கில், "அந்தப் பொண்ணயும் நேரத்துக்கு வரச் சொல்லு," என்றார். மேரியைப் பார்க்கவில்லை. ஆனால் மேரிக்கு ஆறடி தூரத்தில் நின்றுதான் சொன்னார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தாண்டவராயன் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் இரண்டு பேரும் பின்னால். மாகறல் தாண்டும்போது மேரி தன் தலையைத் தொட்டுக் காட்டிக் கிசுகிசுத்தாள். உச்சியில் உயரமாக ஒரு கொண்டை. வகுப்பு மாடிச் சுவரில், தையல்காரரிடம் இரவல் வாங்கிய டேப்பை வைத்து இரண்டு பேரும் முன்பே அளந்து பார்த்திருந்தார்கள். கொண்டையோடு சேர்த்தால் மேரி சரியாக இருந்தாள்.

"உள்ள தேங்கா நார் வச்சி கீறேன்," என்றாள். "அதுவே தாங்கும்."

தாங்கவில்லை. மைதானத்தில் அளவுக் கம்பிக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ் அம்மாள் மேரியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள். "கொண்டைய அவுரும்மா."

மேரி அவிழ்த்தாள். நார் கீழே விழுந்தது. தலைமேல் பலகை இறங்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தது. அரை அங்குலம் குறைவு. அந்தம்மாள் இன்னொரு தடவைகூட நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் பார்த்தாள். அதே அரை அங்குலம்தான்.

பவளம் தேறினாள். ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தாள். மேரி அவிழ்ந்த தலையோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அவள் போகிற நடையைப் பார்த்ததும் பவளத்துக்குப் பழைய சந்தேகம் வந்துவிட்டது. எருமை வந்தது தனக்குப் போட்டபோதுதானே? மேரிக்குப் போட்டபோது எத்தனையில் நிறுத்தினோம்? நூற்றெட்டா, நூற்றேழா? நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

விசில் ஊதியது.

எல்லாரும் கிளம்பிய பிறகுதான் அவள் கிளம்பினாள். பாதி தூரம் வரை கடைசி ஆளாகத்தான் இருந்தாள். தொடை இழுத்துப் பிடித்தது, ஞாயிற்றுக்கிழமை பிடித்த அதே இடத்தில். அப்பா கயிற்றோரமாக நிற்பது தெரிந்தது. அவர் பார்க்கும்போதே நொண்டப்போகிறோம் என்று நினைத்தாள்.

"பவளம்! சுடுதுடி! கால எடு! எடு எடு எடு!"

மைதானம் முழுக்கக் கேட்கிற குரல். தாண்டவராயனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, தலைவிரிகோலமாக, மேரி கத்திக்கொண்டிருந்தாள். வெந்த நெல் கணுக்கால் வரை சுட்டது மாதிரி பவளத்துக்கு உடம்பு தூக்கிப்போட்டது. யோசிக்க நேரமில்லாமல் கால்கள் தானாக எழும்பின. எண்ணவில்லை, பார்க்கவில்லை. முடிவுக் கயிற்றைத் தாண்டியபோது முன்னால் மூன்று முதுகுகள்தான் தெரிந்தன. சாயங்காலம் வாசித்த பெயர்களில் அவள் பெயர் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மேரி அவிழ்ந்த தலையை வாரிப் பின்னிக்கொண்டாள். அவள் பின்னி முடித்ததும் பவளம் சொன்னாள். "உனக்குப் போட்டதுல ஒண்ணு கொறஞ்சிருக்கும்டி. நான்தான் செரியா எண்ணல."

"அட்ச்சீ! ஒண்ணு கூடப் போட்டிருந்தா, புள்ளையாரு வந்து என் தலைய புடிச்சி இழுத்து நீட்டுவாரா? அரை அங்குலம் எங்கம்மா வச்ச கொற. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்று மேரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள், ஊர் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. முன்சீட்டிலிருந்து ஒரு கை பின்னால் நீண்டது. வேர்க்கடலைப் பொட்டலம்.

"ரெண்டு பேரும் துண்ணுங்க," என்றார் தாண்டவராயன்.

மேரி அதன் பிறகு ஹையர் டைப் பாஸ் செய்து, வாலாஜாபாத்தில் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். உயரம் பார்க்காத வேலை என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். பவளம் பயிற்சி முடித்து, ஊர் ஊராக மாற்றலாகி, எத்தனையோ தடவை கால் வலித்து, எத்தனையோ களிம்பு தடவியிருக்கிறாள். எதிலும் அந்த வெதுவெதுப்பு இல்லை. அந்தச் சந்தேகமும் முழுசாகப் போகவில்லை.

குழாயடிக்காரி சிரித்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, கவாத்து வலி ஆறுவதற்குள்ளாகவே, வருவதாக மேரிக்குக் கடிதம் போட்டு, குழந்தையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினாள். ஏறுவதில் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் கடைசிப் படியில் மாட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி, ஒரு காலைத் தரைக்குத் தேடினாள்.

"சீக்கிரம் எறங்கும்மா, பஸ்ஸு போவ வாணாமா?" என்றார் கண்டக்டர்.

முதுகுக்குப் பின்னால் பழக்கமான குரல் கேட்டது. "இன்னாடி, மறுபடியும் புள்ளையாருக்கா? இந்த தபா எத்தினி?"

"எண்ணலடி," என்றாள் பவளம், கம்பியை விடாமல்.

"எனக்கும் சேத்தா?"

"உனக்கும் சேத்துதான்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி மேரி கைகளை நீட்டிக்கொண்டு கத்தினாள்:

"சுடுதுடி! கால எடு!"